மாமனாரின் சொந்த ஊரும் என் ஆம்புலன்ஸ் பாலிசியும்

நான் ஓர் இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்ததாகச் சரித்திரம் கிடையாது. ரயிலில் ஏறியதும் அபாயச் சங்கிலி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் பையைக் கீழே வைப்பேன். தியேட்டரில் விளக்கு அணைவதற்குள் வெளியே போகும் கதவுகளை எண்ணிவிடுவேன். ஓட்டலில் சாம்பார் வருவதற்கு முன்பே, அது ஒத்துக்கொள்ளாமல் போனால் பக்கத்தில் எந்த மருந்துக்கடை திறந்திருக்கும் என்று செல்போனில் தேடிக்கொண்டிருப்பேன். (என் வீட்டுக்காரர் ரமேஷ் இதற்கு "அட்வான்ஸா பயப்படுறது" என்று பெயர் வைத்திருக்கிறார். நான் திட்டமிடுதல் என்று சொல்வேன்.) இப்படிப்பட்டவள் கண்ணில் பயணக் காப்பீடு என்று ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது பட்டிருக்கவே கூடாது. பட்டுவிட்டது.

ஆறு வருஷத்துக்கு முந்தைய கதை. நாங்கள் அப்போதும் இப்போதும் ஐதராபாத்வாசிகள். நாங்கள் என்றால் நான், ரமேஷ், மாமா, அத்தை. அத்தை என் மாமியார், மாமா என்பது என் மாமனார் ரெங்கராஜ். ஐதராபாத்தில் ஒரு பம்ப் கம்பெனியில் முப்பத்து மூன்று வருஷம் வேலை பார்த்து, அங்கேயே ரிடையராகி, அங்கேயே ஃபிளாட் வாங்கி, அங்கத்திய காரத்துக்கு நாக்கையும் பழக்கிக்கொண்டவர். ஆனால் யார் எங்கே எந்தப் படிவத்தை நீட்டினாலும், முகவரி என்ற இடத்தில் "ஸ்ரீரங்கம், திருச்சி" என்றுதான் எழுதுவார். ஆதார் அட்டையில் ஸ்ரீரங்கம். ஓட்டு ஸ்ரீரங்கத்தில். மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில், பங்காளிகள் பிரித்துக்கொண்ட வீட்டில், அவர் பங்குக்கு ஓர் அறையும் அதற்கு ஒரு பூட்டும் இருந்தன. அந்தப் பூட்டின் பலத்தில்தான் அத்தனை முகவரியும்.

"மாமா, ஆதாரை ஐதராபாத்துக்கு மாத்திடுவோமே. பேங்குல, கேஸ் ஏஜென்சில எல்லா இடத்துலயும் கேக்கறாங்க" என்று மூன்று வருஷமாக நச்சரித்துப் பார்த்தேன்.

"அதெல்லாம் தற்காலிகம்மா" என்பார். எது தற்காலிகம் என்று சொல்லமாட்டார்.

அத்தை அப்படியில்லை. கேஸ் இணைப்பு வாங்கிய அன்றைக்கே தன் அட்டையை ஐதராபாத்துக்கு மாற்றிவிட்டார். "எனக்கு சிலிண்டர் வர்ற இடம்தான் ஊரு" என்பது அவர் கட்சி. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து நடந்த அத்தனைக்கும் இதுதான் காரணம்.

லால்குடியில் ரமேஷின் அத்தை பேத்திக்கு நிச்சயதார்த்தம். நான்கு பேரும் போவதாக முடிவானது. ரயில் டிக்கெட் போட்ட கையோடு நான் எல்லோருக்கும் பயணக் காப்பீடு எடுத்தேன். பெட்டி தொலைந்தால், ரயில் தாமதமானால் என்று என்னென்னவோ அதில் இருந்தன. என்னைக் கவிழ்த்தது ஒரே ஒரு வரிதான்: பயணத்தின்போது உடல்நிலை மோசமானால் இருபத்து நான்கு மணி நேர அவசர ஆம்புலன்ஸ் ஏற்பாடு. பக்கத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு வண்டியின் படம். ஏசி, ஆக்சிஜன், கூடவே ஒரு நர்ஸ். அந்த நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

விதிமுறைகளைப் படிக்காமல் எடுத்தேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மஞ்சள் பேனாவால் கோடு போட்டுப் படித்தேன். நோயாளி தன் வீட்டு முகவரியிலிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் ஆம்புலன்ஸ் வரும் என்பதையும் படித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன். ஐதராபாத்துக்கும் திருச்சிக்கும் நடுவே தொள்ளாயிரம் கிலோமீட்டர் கிடக்கிறது! பிறகு படிவத்தில், "அடையாள அட்டையில் உள்ளபடி முகவரி" என்று கேட்ட இடத்தில், நான்கு ஆதார் அட்டைகளையும் வரிசையாக வைத்துக்கொண்டு, ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் அதில் உள்ளபடியே தட்டினேன். பிழையில்லாமல் படிவம் நிரப்பியதில் அன்றைக்கு எனக்கு ஒரு தனித் திருப்தி.

அதோடு விட்டேனா? பாலிசி எண், உதவி மையத்தின் எண், ரத்த வகை எல்லாவற்றையும் அச்சடித்து, லேமினேட் செய்து, நாடா கோத்து ஆளுக்கு ஒன்று கழுத்தில் மாட்டிவிட்டேன். அத்தை அதைப் புடவைக்குள் ஒளித்துக்கொண்டார். ரமேஷ் நான் பார்க்கும்போது மட்டும் மாட்டிக்கொண்டார். மாமா, ரயில் விஜயவாடா தாண்டியபோது, அதை வைத்து முதுகு சொறிந்துகொண்டிருந்தார்.

ஸ்ரீரங்கத்துக்கு வந்து சேர்ந்து, அந்த ஓர் அறையைத் திறந்து, பெருக்கித் துடைத்துத் தங்கினோம். மறுநாள் காலை ஆறு மணிக்கே ரமேஷ் பந்தல் வேலையைப் பார்க்க லால்குடிக்கு பஸ் ஏறிவிட்டார். நாங்கள் மூவரும் பத்து மணிக்குக் கிளம்பினால் போதும்.

"அதுக்குள்ள அம்மா மண்டபத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடறேன்" என்றார் மாமா.

தனியாக விடுவேனா? நானும் அத்தையும் கூடவே போனோம். அன்றைக்கு அமாவாசை. எல்லா விபத்தையும் முன்கூட்டியே யோசித்த நான் காலண்டரைப் பார்க்க மறந்துவிட்டேன். படித்துறை முழுக்க ஜனம். முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க வந்தவர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எள், தர்ப்பை, வாழை இலை, நடுவில் காக்கைகள். மாமா அந்தக் கூட்டத்தில் புகுந்து ஆற்றில் இறங்கினார். மூன்று முழுக்குப் போட்டார். (நான் கரையில் நின்று எண்ணினேன். மூன்று முறையும் தலை மேலே வந்தது.) ஏறி வந்தவர் நாலாவது படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

"என்னங்க?" என்றார் அத்தை.

"ஒண்ணுமில்ல. நெஞ்சு அடைக்கற மாதிரி இருக்கு. நேத்து அந்தக் கடைல தின்ன போண்டாதான்."

தண்ணீரில் நனைந்த உடம்பில் வியர்வை வழிவதை அன்றைக்குத்தான் முதல்முறை பார்த்தேன். நெற்றியிலிருந்து புதுசு புதுசாகக் கொட்டியது. இடது தோளை நீவிக்கொண்டார். அது போண்டா இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாழ்நாள் முழுக்க நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த கணம் வந்தேவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், உள்ளுக்குள் ஒரு மூலையில், "பார்த்தீங்களா, நான் அப்பவே சொன்னேன்ல" என்று ஒரு குரலும் எழுந்தது. அந்தக் குரலை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

"அத்தை, பயப்படாதீங்க. நம்மகிட்ட ஆம்புலன்ஸ் இருக்கு" என்றேன். பையில் ஆம்புலன்ஸ் வைத்திருப்பவள் மாதிரி.

படித்துறையில் பூ விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கூடையை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார். மாமாவின் முகத்தை ஒரு பார்வை பார்த்தார். "யம்மா, நூத்தியெட்டுக்குப் போன் போடும்மா" என்றார்.

"நாங்க தனியா பாலிசி எடுத்திருக்கோங்க. ஏசி வண்டி வரும்."

"அது எங்கேருந்து வரும்?"

நாற்பது பக்க விதிமுறையைப் படித்த எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. "பக்கத்துலதான் இருக்கும்" என்று சமாளித்தேன்.

"எங்கேருந்து வருதுன்னு தெரியாத வண்டிக்கு யாராச்சும் காத்திருப்பாங்களா?" என்று சொல்லிவிட்டு, மேலே சைக்கிள் ஸ்டாண்டு ஆளைப் பார்த்து, "அண்ணே, நூத்தியெட்டுக்குப் போடுங்க, பெரியவருக்கு நெஞ்சுவலி" என்று கத்தினார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. முன்பின் தெரியாத ஆள் நம் குடும்ப விஷயத்தில் தலையிடுகிறாரே என்று.

நான் உதவி மையத்துக்கு அடித்தேன். தமிழுக்கு மூன்றை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். புதிய பாலிசி வாங்க ஒன்றாம், புதுப்பிக்க இரண்டாம், பெட்டி தொலைந்திருந்தால் மூன்றாம். நெஞ்சு வலிக்கு ஆறு. அழுத்தினேன். வீணை வாசித்தார்கள். அத்தை மாமாவின் முதுகைத் தேய்த்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான் "லைன்ல இருக்கேன்" என்று சைகை காட்டினேன். படியில் சாய்ந்திருந்த மாமாவைச் சுற்றி நாங்கள் குனிந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தர்ப்பைக் கட்டோடு ஒரு வாத்தியார் வந்து நின்றார்.

"யாருக்குப் பண்ணணும்? எத்தனை பேர்?"

"ஒருத்தர்தாங்க. அவரும் இன்னும் இருக்காருங்க!" என்று கத்தினேன். பாவம், அந்த மனிதர் மாமாவைப் பார்த்ததும் பதறிப்போய்த் தன் விசிறியை எடுத்து வீசத் தொடங்கிவிட்டார்.

வீணை நின்று ஒரு பெண் வந்தாள். பேர் சுகன்யா என்றாள். குரலில் தேன். பாலிசி எண்ணைக் கேட்டாள், சொன்னேன். பிறந்த தேதி கேட்டாள், சொன்னேன். நோயாளி மூச்சு விடுகிறாரா என்று கேட்டாள். பார்த்துச் சொன்னேன். எந்த இடம் என்று கேட்டாள்.

"ஸ்ரீரங்கம், அம்மா மண்டபம் படித்துறை."

"எழுத்துக்கூட்டிச் சொல்லுங்க மேடம்."

காவிரிக் கரையில் நின்றுகொண்டு அம்மா மண்டபத்தை எழுத்துக்கூட்டிச் சொன்னவள் நான் ஒருத்திதான் இருப்பேன். அதை முடிக்கும்போது மேலே சைரன் கேட்டது. "ஆகா, அதுக்குள்ள வந்துட்டாங்களா!" என்று பூரித்துப்போனேன். சுகன்யாவுக்கு நன்றிகூடச் சொன்னேன். "இன்னும் அப்ரூவல் ஆகலை மேடம்" என்றாள் அவள்.

வந்தது நூற்றியெட்டு. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு இரண்டு பேர் கூட்டத்தை விலக்கிப் படியிறங்கி வந்தார்கள். அதில் ஒருவர் மாமாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார், கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார், ஒரு மாத்திரையைக் கொடுத்துக் கடித்து மெல்லச் சொன்னார். "ஏத்திடலாம்மா, புத்தூர் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடுவோம்" என்றார்.

இனிமேல் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். நான் ஸ்ட்ரெச்சருக்கும் மாமாவுக்கும் நடுவே போய் நின்றேன். ஒரு கையில் போன், இன்னொரு கையை டிராபிக் போலீஸ் மாதிரி நீட்டிக்கொண்டு.

"ஒரு நிமிஷங்க. எங்க ஆம்புலன்ஸ் வந்துட்டிருக்கு."

"எங்கம்மா வந்துட்டிருக்கு?"

"அப்ரூவல்ல இருக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஐயாவை ஏத்திட்டுப் பேசுங்கம்மா" என்றார். குரலை உயர்த்தவே இல்லை.

"இதுல ஏத்திட்டா அது கேன்சல் ஆயிடுங்க. இன்னும் ரெண்டே கேள்விதான்."

சுகன்யாவின் அந்த இரண்டு கேள்விகளில் முதலாவது வந்தது. "மேடம், சிஸ்டத்துல திரு ரெங்கராஜோட வீட்டு முகவரி ஸ்ரீரங்கம்னு காட்டுது. நீங்க கூப்பிடற இடமும் ஸ்ரீரங்கம். ரெண்டுக்கும் நடுவுல ஒண்ணரை கிலோமீட்டர்தான் மேடம்."

மஞ்சள் பேனாவும் நான்கு ஆதார் அட்டைகளும் கண்முன் வந்தன. "இல்லம்மா, அது சும்மா அட்டைல இருக்கற அட்ரஸ். நாங்க ஐதராபாத். முப்பது வருஷமா ஐதராபாத். அவர் பயணத்துலதான் இருக்காரு" என்று படபடத்தேன்.

அவளுக்கும் மனசு இளகியிருக்க வேண்டும். "சரி மேடம், நோயாளி பேசற நிலைமைல இருந்தா அவரே ஒரு வார்த்தை சொல்லட்டும். கால் ரெக்கார்டு ஆகும். பயணத்துல இருக்கேன்னு அவர் வாயால சொன்னா, நான் மேல பேசி அப்ரூவல் வாங்கப் பார்க்கறேன்."

ஒரே ஒரு வார்த்தை! நான் ஸ்பீக்கரைப் போட்டு மாமாவின் வாயருகே நீட்டினேன். "மாமா, பயணம்னு சொல்லுங்க" என்று உதட்டசைத்தேன். புரியாமல் போய்விடப்போகிறதே என்று முழங்கைகளை முன்னும் பின்னும் ஆட்டி ரயில் ஓட்டிக் காட்டினேன். சுற்றி நின்ற கூட்டம் இப்போது மாமாவை விட்டுவிட்டு என்னை வேடிக்கை பார்த்தது.

"சார், நீங்க இப்ப பயணத்துல இருக்கீங்களா, இல்ல உங்க சொந்த ஊர்ல இருக்கீங்களா?" என்று கேட்டாள் சுகன்யா.

மாமா கண்ணைத் திறந்தார். அதுவரை முனகிக்கொண்டிருந்தவருக்கு எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ, தெரியவில்லை.

"பயணமா? யாரும்மா நீ? ஸ்ரீரங்கம் என் ஊரு. இங்கயே பொறந்தவன் நான். ஐதராபாத்துல சும்மா தங்கியிருக்கேன்."

முப்பத்து மூன்று வருஷம் சும்மா!

"நன்றி சார்" என்றாள் சுகன்யா. "மன்னிக்கணும் மேடம். சொந்த ஊர்ல ஆம்புலன்ஸ் கவரேஜ் கிடையாது. ஆனா உங்க குடும்பத்துல மத்த மூணு பேருக்கும் இந்த இடத்துல கவரேஜ் இருக்கு."

அதாவது ஒரே ரயிலில் வந்து, ஒரே அறையில் தங்கி, ஒரே பாயில் படுத்து எழுந்த தம்பதியில் அத்தை வெளியூர்க்காரர், மாமா உள்ளூர்க்காரர். நெஞ்சுவலி அத்தைக்கு வந்திருந்தால் நர்ஸ் சிரித்துக்கொண்டே வந்திருப்பாள். இதை என்னைவிட வேகமாகப் புரிந்துகொண்டவர் அத்தைதான்.

"மாலதி! எனக்குத்தான் வலிக்குதுன்னு சொல்லு! வண்டி வரட்டும், அவரும் கூட ஏறிக்கட்டும்!"

(இதுவும் ஸ்பீக்கரில் ரெக்கார்டு ஆனது.)

அதற்குமேல் பூக்கார அம்மாள் பொறுக்கவில்லை. என் தோளைப் பிடித்து ஒரே தள்ளாகத் தள்ளினார். நான் ஒரு படி கீழே போய், யாரோ வைத்திருந்த எள்ளும் தண்ணீரும் கலந்த பாத்திரத்தில் காலை விட்டேன். நான் காலை எடுத்து நிமிர்வதற்குள் மாமா ஸ்ட்ரெச்சரில் இருந்தார். விசிறி வீசிய வாத்தியாரும் ஒரு கை பிடித்துக்கொண்டார். நானும் அத்தையும் பின்னால் ஓடி வண்டியில் தொற்றிக்கொண்டோம். காவிரிப் பாலத்தில் போகும்போதுதான் பார்க்கிறேன், காதில் போனை இன்னும் வைத்திருந்தேன். எங்கள் சேவை திருப்தியாக இருந்தால் ஒன்றை அழுத்தவும் என்று கேட்டுக்கொண்டிருந்தது.

புத்தூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குள் மாமாவை உருட்டிக்கொண்டு போனார்கள். இளம்வயது டாக்டர் ஒருவர் ஈசிஜி தாளைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"வலி எப்ப ஆரம்பிச்சுது?"

"ஏழு நாப்பத்தொண்ணு சார்."

இவ்வளவு துல்லியமாக அவருக்கு யாரும் பதில் சொன்னதில்லை போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தார். "ஆம்புலன்ஸ் எப்ப வந்துச்சு?"

"ஏழு அம்பத்திரெண்டு."

"எப்ப ஏத்துனீங்க?"

"எட்டு மூணு."

"வண்டி வந்து நின்னப்புறம் பதினோரு நிமிஷம் என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க?"

"பேசிட்டிருந்தேன் சார்."

அவர் திட்டியிருந்தால் தேவலை. இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று அடைத்திருக்கிறது, ரத்தக்கட்டியைக் கரைக்க ஊசி போடுகிறோம், இதில் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் அந்தத் தாழ்வாரத்தில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், எள் ஒட்டிய காலோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். மாமாவுக்கு ஏதாவது ஆனால் கொன்றது நான்தான். வேறு யாரும் இல்லை, போண்டாவும் இல்லை. ரமேஷ் நிச்சயதார்த்தத்துக்குக் கட்டிய பட்டு வேட்டியோடு லால்குடியிலிருந்து ஓடி வந்தார். அவரைப் பார்த்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நான் வழியை மறிச்சு நின்னேங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தைதான், "அவளை விடுடா, பாவம், காலையிலேருந்து ரயில் ஓட்டிக் களைச்சுப்போயிருக்கா" என்றார். புருஷன் உள்ளே கிடக்கும்போது எப்படி அவருக்கு அப்படிப் பேச வந்ததோ!

மாமா பிழைத்தார். ஊசி வேலை செய்தது. அடுத்த நாள் அடைப்பில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். எட்டாம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அப்போதாவது நான் சும்மா இருந்தேனா? ஐதராபாத் வரை ஆம்புலன்ஸில் படுக்க வைத்துக் கூட்டிப்போக வழி உண்டா என்று மறுபடி உதவி மையத்துக்கு அடித்தேன். இந்த முறை வேறொரு பெண். ஆம்புலன்ஸ் ஆஸ்பத்திரி வரைதான், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிடையாது என்றாள். பிறகு திரையைப் பார்த்துவிட்டு, "அதோட, இவருக்கு வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம்தானே மேடம், ஆட்டோவே போதுமே" என்றாள். அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஆட்டோவில்தான் போனோம். இரண்டு வாரம் அந்த ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொண்டு, பிறகு ரயிலேறினோம்.

ஐதராபாத் வந்ததும் காப்பீட்டுக் கம்பெனிக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதினேன். ஃபிளாட் பத்திரம், கரண்ட் பில், ரிடையரானபோது கொடுத்த பாராட்டுப் பத்திரம் வரை நகல் வைத்து, இவர் பயணிதான் என்று வாதாடினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. ஆதாரமாக, பதிவான உரையாடலை அப்படியே தட்டச்சு செய்து இணைத்திருந்தார்கள். ரமேஷ் அதை ஹாலில் நின்று சத்தமாகப் படித்தார். "பின்னணியில் பெண் குரல்: எனக்குத்தான் வலிக்குதுன்னு சொல்லு" என்ற இடம் வந்ததும் அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ரமேஷுக்குச் சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "அந்த அட்டைப்படி பார்த்தா, அப்பா இப்ப இந்த சோபால உக்காந்து டிவி பார்க்கறதுதான் பயணம். இங்க வலி வந்திருந்தா வண்டி வந்திருக்கும்" என்றார். நானே சிரித்துவிட்டேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. அந்தத் தாளைக் கையை நீட்டி வாங்கி, தன் வரி இருந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு வார்த்தை பயணம்னு சொல்லியிருக்கலாமே மாமா" என்றேன். குறையாகச் சொல்லவில்லை, விளையாட்டாகத்தான் சொன்னேன்.

"சொல்லியிருக்கலாம். நீ கையை ஆட்டினது எனக்கும் புரிஞ்சுது" என்றார். "ஆனா அந்த நேரத்துல, அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு நெனச்சுட்டேம்மா. அந்தப் பொண்ணு கேட்டதுக்குச் சொல்றதுதான் நான் கடைசியா பேசப்போறதுன்னு தோணுச்சு. என் ஊருக்கு நான் விருந்தாளின்னு சொல்லிட்டா போவேன்?"

நான் எழுந்து காபி போடப் போனேன். போட்டுவிட்டுச் சர்க்கரை சேர்க்க மறந்துவிட்டேன். யாரும் கேட்கவும் இல்லை, அப்படியே குடித்தார்கள்.

இன்றைக்கும் வீட்டுக்கு யார் வந்தாலும் இந்தக் கதை அரங்கேறும். ரமேஷ் எழுந்து கையை நீட்டி வழிமறித்து நான் நின்றதை நடிப்பார், முழங்கையை ஆட்டி ரயில் ஓட்டுவார். அத்தை மூக்கால் பேசி சுகன்யா ஆகிவிடுவார். லிப்டில் மளிகைப் பையோடு நின்று நான் யாரிடமாவது போன் பேசினால், எதிர்வீட்டுப் பெண்கூட "ஏத்திட்டுப் பேசுங்கக்கா" என்கிறாள். எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொள்கிறேன். நாடகத்தில் அந்தக் கடைசி வரியை மட்டும் யாரும் நடிப்பதில்லை. அத்தை கேள்வியைக் கேட்டுவிட்டு நிறுத்துவார். சோபாவிலிருந்து மாமா, வருஷத்துக்கு வருஷம் குரலை ஏற்றிக்கொண்டு, "பயணமா? யாரும்மா நீ?" என்று தொடங்குவார். ஓரிடத்திலும் உட்காராத நான், அவர் அதைச் சொல்லி முடிக்கிற வரை ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருப்பேன்.